கத்தோலிக்கப் பங்குக்குப் பணம் கொடுக்க என்னென்ன வழிகள்? எதில் தொடங்குவது?

கேள்வி இதுதான்: "புதிய பங்கில், அதாவது நாங்கள் இருக்கும் பகுதியின் கோயில் சமூகத்தில், குடும்பமாகப் பதிவு செய்திருக்கிறோம். ஞாயிறு காணிக்கைப் பையில் போடுவதைத் தவிர, கத்தோலிக்கப் பங்குக்கும் அதன் பணிகளுக்கும் பணமாக உதவ வேறு என்ன வழிகள் இருக்கின்றன? பத்தில் ஒரு பங்கு கொடுத்தே ஆக வேண்டுமா? சாமியார் கையில் கொடுத்துவிட்டால் போதுமா?"

பங்கு நிதிக்குழுவில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேறு வழிகளுக்குப் போகும் முன் ஞாயிறு காணிக்கையையே முதலில் பேசிவிடலாம். எந்தக் குறிப்பும் இல்லாமல் பையில் விழும் பணம் பங்கின் பொதுநிதிக்குப் போகிறது. கரண்ட் பில், தண்ணீர், ஒழுகும் கூரைக்குப் பழுது, அப்பம், திராட்சை இரசம், மெழுகுதிரி, கோயிலைப் பெருக்கித் துடைப்பவரின் சம்பளம், குருக்களின் சாப்பாட்டுச் செலவு, மறைமாவட்டத்துக்கு (ஓர் ஆயரின் கீழுள்ள பங்குகளின் அமைப்பு) நம் பங்கு கட்ட வேண்டிய தொகை எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான். புது சுரூபம் வைக்க, பீடத்தைப் புதுப்பிக்க, ஒலிபெருக்கி வாங்க நன்கொடையாளர்கள் கிடைத்துவிடுவார்கள். கரண்ட் பில் கட்டுவதற்கென்று கவர் கொடுத்தவரை நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்வேன்: உங்கள் கொடையின் பெரும்பகுதியை நிபந்தனை இல்லாமல், மாதம் தவறாமல் பொதுநிதிக்குக் கொடுங்கள். மற்ற வழிகள் எல்லாம் அதற்கு மேல்.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடும் கிடையாது. கி.பி. 155 வாக்கில் உரோமையில் இருந்த புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது காணிக்கையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வசதியும் மனமும் உள்ளவர்கள் தாங்களே தீர்மானித்த அளவு கொடுப்பார்கள். சேர்ந்த பணம் சபைத் தலைவரிடம் இருக்கும். அவர் அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் என்று தேவைப்படுகிறவர்களைக் கவனிப்பார். கொடுப்பவர் தனித்தனியாக ஆளைத் தேடிப் போகாமல், பொதுவில் சேர்த்து, பொறுப்பானவர் தேவை பார்த்துப் பிரிப்பது என்ற முறை அப்போதே இருந்திருக்கிறது.

தவறாமல் கொடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பங்கின் செலவு தவறாமல் வருகிறது. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் கோயில் நிறையும், பை கனக்கும். விடுமுறை மாதங்களில் பாதி குடும்பங்கள் ஊரில் இருக்காது. ஆனால் சம்பளமும் பில்லும் எல்லா மாதமும் ஒன்றுதான். வங்கியில் ஒருமுறை சொல்லிவைத்தால் மாதாமாதம் தானாகப் பங்கின் கணக்குக்குப் போய்விடும் வசதி உங்களுக்கு இருந்தால், அதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். நீங்கள் வெளியூரில் இருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் அது நிற்காது. பல பங்குகளில் தேதியிட்ட காணிக்கைக் கவர்களைக் கொடுப்பார்கள்; அதுவும் இதே நோக்கத்துக்குத்தான். சில பங்குகளில் வருடத் தொடக்கத்தில் 'மாதம் இவ்வளவு தருகிறேன்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அந்த உறுதிச்சீட்டுகளை வைத்துத்தான் நிதிக்குழு வருட பட்ஜெட் போட முடிகிறது. வேலை போனாலோ செலவு கூடினாலோ தொகையைக் குறைத்துக்கொள்ளலாம், ஒரு வரி தெரிவித்தால் போதும். யாரும் கடன்காரரைப் போல உங்களைத் துரத்த மாட்டார்கள்.

சிறிய தொகை என்று தயங்குகிறவர்களுக்குப் பவுலின் ஜாரிக்கோவைச் சொல்வேன். பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த இளம்பெண். வாரம் ஒரு சிறு காசு, பத்துப் பேருக்கு ஒரு சேகரிப்பாளர், அப்படிப் பத்துக் குழுக்களுக்கு ஒரு பொறுப்பாளர் என்று அவர் போட்ட திட்டத்திலிருந்து 1822-ல் விசுவாசப் பரப்புதல் சங்கம் பிறந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து அது திருத்தந்தையின் நேரடிச் சங்கமாக உயர்ந்தது. உலகெங்கும் மறைபரப்புத் தளங்களைத் தாங்குகிறது. ஜாரிக்கோவுக்கு 2022-ல் அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கொடுத்தார்கள். தொடங்கியது தொழிலாளிகளின் வாரக் காசில்.

அடுத்தது, நோக்கம் குறிப்பிட்டுக் கொடுக்கும் காணிக்கை. இதில் திருச்சபைச் சட்டம் மிகத் தெளிவு. 1983-ன் சட்டத் தொகுப்பில் 1267-ஆம் சட்டம், குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது. ஏழை மாணவர்களின் படிப்புக்கு என்று நீங்கள் கொடுத்த பணத்தை எடுத்து, அவசரம் என்று கூரைக்குப் போடப் பங்குத்தந்தைக்கு உரிமை இல்லை. இது கொடுப்பவருக்குப் பெரிய பாதுகாப்பு. அதே சமயம் பங்கின் கையைக் கட்டிப்போடுவதும் இதுதான். படிப்பு நிதியில் பணம் கிடந்தும் பில் கட்ட வழியில்லாமல் நிற்கும் நிலை உண்மையிலேயே வரும்.

திருப்பலி முடிந்ததும் காணிக்கை எண்ணுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பீடத்தை ஒட்டிய அறையான சக்ரீஸ்தியில் ஒரு மேசை. ஒருவர் தனியாக எண்ணக் கூடாது என்பதால் ஒரே வீட்டைச் சேராத இரண்டு மூன்று பேர் உட்காருவோம். பையைக் கவிழ்த்ததும் சில்லறை ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம், கவர்கள் ஒரு பக்கம். கவரில்தான் சிக்கல் வரும். ஒன்றில் பென்சிலால் 'படிப்புக்கு' என்று மட்டும் எழுதியிருக்கும். யாருடைய படிப்பு? மறைக்கல்வி வகுப்பா, குருமாணவர்களா, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமா? பெயரும் இருக்காது, கேட்கவும் முடியாது. இன்னொன்றில் 'அம்மா குணமானதற்கு' என்றிருக்கும்; அது நன்றிக் காணிக்கை, பொதுநிதிக்குப் போகும், குழப்பமில்லை. ஆகவே நோக்கம் குறித்துக் கொடுத்தால் முழுதாக எழுதுங்கள்: எந்தப் பணிக்கு, யாருக்கு, மீதம் வந்தால் என்ன செய்யலாம். 'இந்தத் தேவை முடிந்துவிட்டால் பங்கின் வேறு தேவைக்குப் பயன்படுத்தலாம்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தால் பின்னால் வரும் பல சங்கடங்கள் தீரும். பெரிய தொகையாக இருந்தால் கொடுப்பதற்கு முன்பே பங்குத்தந்தையிடமோ நிதிக்குழுவிடமோ என்ன தேவை என்று கேட்டுவிடுங்கள்.

திருப்பலிக் கருத்துக்கு, அதாவது இன்னாருக்காகப் பூசை வையுங்கள் என்று கேட்டுக் கொடுக்கும் காணிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் புரிந்துகொள்ளாத இடம் இது. அந்தப் பணத்தால் யாரும் பூசையை வாங்குவதில்லை. வியாபாரத்தின் சாயல்கூட வரக்கூடாது என்று 947-ஆம் சட்டம் சொல்கிறது. தொகையை மறைமாநிலத்தின் (பல மறைமாவட்டங்கள் சேர்ந்தது) ஆயர்கள் சேர்ந்து நிர்ணயிக்கிறார்கள். குரு அதற்கு மேல் கேட்கக் கூடாது. நீங்களாக அதிகம் கொடுத்தால் வாங்கலாம், குறைவாகக் கொடுத்தாலும் வாங்கலாம். காணிக்கை கொடுக்க முடியாதவர்களின், குறிப்பாக ஏழைகளின் கருத்துக்காகவும் பூசை வைக்கும்படி குருக்களைச் சட்டமே அழுத்திக் கேட்டுக்கொள்கிறது. கையில் காசு இல்லை என்று இறந்த தகப்பனாருக்குப் பூசை கேட்கத் தயங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு காணிக்கைக்கும், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தனித்தனித் திருப்பலி என்பது பொது விதி. ஒரு குரு ஒரே நாளில் மூன்று பூசை வைத்தாலும், கிறிஸ்து பிறப்பு விழா நீங்கலாக, ஒரு பூசையின் காணிக்கையை மட்டுமே தனக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவை ஆயர் குறித்த நோக்கங்களுக்குப் போக வேண்டும். பலரின் கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பதற்கு 1991-ல் வத்திக்கான் கட்டுப்பாடு போட்டது: கொடுப்பவர்கள் அறிந்து சம்மதிக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது. 2025 ஈஸ்டரிலிருந்து நடைமுறைக்கு வந்த புதிய ஆணை, இதை அனுமதிக்கும் பொறுப்பை அந்தந்த மறைமாநில ஆயர்களிடம் கொடுத்தது. கொடுப்பவரின் சம்மதம் மட்டும் இப்போதும் கட்டாயம். ஆகவே பதிவு செய்யும்போதே, 'தனிப் பூசையா, சேர்த்தா?' என்று கேளுங்கள். தவறில்லை. ஒருவருக்காக 30 நாள் இடைவிடாமல் வைக்கும் கிரகோரியன் திருப்பலிகளைப் பங்கில் ஏற்பது கடினம். துறவற இல்லங்களில் கேட்டுப் பாருங்கள்.

திருமுழுக்கு, திருமணம், அடக்கச் சடங்கு நேரத்தில் கொடுப்பதும் இதே போலத்தான். அதிகாரபூர்வமாகக் குறித்த காணிக்கைக்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது. வறுமை காரணமாக எவருக்கும் அருளடையாளம் மறுக்கப்படக் கூடாது. அந்தச் சமயத்தில் மனமுவந்து கொடுப்பது பங்கின் கணக்கில் சேரும், கொடுத்தவர் வேறு விதமாக நினைத்தார் என்பது தெளிவாக இருந்தால் ஒழிய.

சாமியார் கையில் கொடுப்பது பற்றிய உங்கள் கேள்விக்கும் இதுவே பதில். பங்குத்தந்தையின் கையில் கொடுத்தது பங்குக்கே கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அவருடைய சொந்தச் செலவுக்கு, பிறந்தநாளுக்கு, வைத்தியத்துக்குத்தான் கொடுக்கிறீர்கள் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். பங்குக்கு என்றால் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்குவதே இருவருக்கும் நல்லது. நல்ல பங்குத்தந்தைகள் அதைத்தான் விரும்புவார்கள்.

சிறப்புக் காணிக்கைகளில் பங்குக்கு எதுவும் தங்காது. அவை ஆயரகம் வழியாக வெளியே போகும். புனித வெள்ளியன்று எடுப்பது புனித நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கும் அங்குள்ள திருத்தலங்களுக்கும். அதற்கு இப்போதைய வடிவத்தை 1974-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் கொடுத்தார். ஜூன் 29, பேதுரு பவுல் பெருவிழாவை ஒட்டி எடுப்பது திருத்தந்தையின் பணிகளுக்கும் அறச்செயல்களுக்கும். அக்டோபரின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு மறைபரப்பு ஞாயிறு. பதினோராம் பயஸ் 1926-ல் ஏற்படுத்தியது. இவை போக, வெள்ளம் பூகம்பம் என்றால் ஆயர் தனியாக அறிவிப்பார். இவற்றுக்குக் கொடுப்பது நல்லது. ஆனால் வழக்கமான காணிக்கையிலிருந்து எடுத்து இதற்குப் போடாமல், தனியாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த வாரம் உங்கள் பங்குக்குத் துண்டு விழும்.

இனி, பங்கின் பணிகள். என் மனதுக்கு மிக நெருக்கமானது வின்சென்ட் தே பவுல் சபை. 1833-ல் பாரிசில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கியது. உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராக வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். வாடகை நிலுவையா, மருந்துச் செலவா, பிள்ளையின் கட்டணமா என்று நேரில் கண்டு உதவுகிறார்கள். யாருக்கு உதவினார்கள் என்பது வெளியே வராது. அவர்களுடைய கூட்டத்திலேயே ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாது. சபைக்கென்று கோயிலில் தனி உண்டியல் இருந்தால் அதில் போடலாம், இல்லை அதன் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கலாம். தெரிந்த ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு உதவ நினைத்து, நேரில் கொடுத்தால் அவர்கள் கூச்சப்படுவார்கள் என்று தோன்றினால், இந்தச் சபை வழியாகக் கொடுப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மறைக்கல்வி, இளையோர் இயக்கம், பாடற்குழு, பீடச்சிறுவர், நோயாளிகளைச் சந்திக்கும் குழு இவற்றுக்குத் தேவைப்படும் தொகைகள் பெரும்பாலும் சிறியவை. ஒரு முகாமுக்கு இரண்டு பிள்ளைகளின் கட்டணம், ஆர்கன் பழுது பார்க்கும் செலவு, நற்கருணை கொண்டுபோகிறவரின் போக்குவரத்துச் செலவு. ஒரு நடுத்தரக் குடும்பம் தனியாகவே ஏற்றுக்கொள்ளக்கூடியவை. அந்தந்தக் குழுவின் பொறுப்பாளரிடம் கேட்டால் என்ன தேவை என்று உடனே சொல்வார். பணத்தை மட்டும் பங்கு அலுவலகம் வழியாகவே கொடுங்கள். குழுக்கள் தனித்தனியாகக் கையில் பணம் வைத்துச் செலவழிப்பது, எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும், பின்னால் மனக்கசப்பில்தான் முடியும்.

பொருளாகக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. மெழுகுதிரியும் பூவும் எப்போதும் பயன்படும். பெரிய சுரூபம், பழைய பியானோ போன்றவை வைக்க இடம் கேட்கும், பராமரிப்பும் கேட்கும். நிலம், வீடு கொடுப்பதென்றால் அது பங்குத்தந்தை தனியாகத் தலையாட்டி வாங்கிக்கொள்ளும் விஷயமே இல்லை. நிபந்தனையோ சுமையோ உள்ள கொடைக்கு ஆயரின் அனுமதி வேண்டும். வருடாவருடம் இன்னாருக்குப் பூசை என்று மூலதனம் போட்டு வைக்கும் அறக்கட்டளைக்கும் எழுத்து வடிவில் அனுமதி தேவை. எத்தனை வருடத்துக்கு என்பதை மறைமாவட்ட விதி பார்த்து எழுத வேண்டும், ஏனென்றால் இன்று போட்ட முதலின் வட்டி முப்பது வருடம் கழித்து ஒரு பூசைக் காணிக்கைக்குக்கூடப் போதாமல் போகலாம்.

உயில் எழுதுகிறவர்கள் பங்கையும் நினைத்துக்கொள்ளலாம். பெரிய சொத்து வேண்டாம். மீதியில் ஒரு சிறு சதவீதம், இல்லாவிட்டால் காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதி. அப்படி எழுதும்போது உங்கள் நாட்டுச் சட்டப்படி உயில் செல்லுபடியாகத் தேவையான முறைகளை எல்லாம் கடைப்பிடியுங்கள். 'நம்ம கோயிலுக்கு' என்று எழுதாமல், சட்டப்படி சொத்து வைத்திருக்கும் அமைப்பின் முழுப் பெயரை ஆயரகத்தில் கேட்டு எழுதுங்கள். சில இடங்களில் அது பங்கின் பெயரில் இருக்காது, மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கும். பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். பெற்றோர் கோயிலுக்கு எழுதிவைத்தது இறந்த பிறகுதான் தெரிய வந்து, அதனால் வீட்டில் சண்டை வந்தால் அந்தப் பணத்தை வாங்கப் பங்குக்கே மனம் வராது.

சரி, எவ்வளவு? பத்தில் ஒன்று என்பது பழைய ஏற்பாட்டுச் சட்டம். இன்றைய திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு சதவீதம் கிடையாது. 222-ஆம் சட்டம் கேட்பது, வழிபாடு, நற்செய்திப் பணி, அறப்பணி, பணியாளர்களின் தகுந்த பராமரிப்பு ஆகியவற்றுக்கு நம்மால் இயன்றதைக் கொடுக்க வேண்டும் என்பதும், நம் சொந்த வருமானத்திலிருந்து ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பதும். சில நாடுகளில் அரசே இதற்கு வழி வைத்திருக்கிறது. ஜெர்மனியில் பதிவு பெற்ற கத்தோலிக்கரிடம் வருமான வரியின்மேல் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாகப் பிடித்தம் செய்கிறார்கள். மற்ற இடங்களில் அவரவர் மனச்சாட்சிதான். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வருவாய்க்கு ஏற்பத் தனியாக எடுத்து வைக்கும்படி கொரிந்தியருக்குப் புனித பவுல் எழுதியது இன்றைக்கும் பொருந்தும். செலவு போக மிஞ்சியதில் கொடுக்க நினைத்தால் மிஞ்சவே மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையை எடுத்து வையுங்கள். வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றில் தொடங்கினாலும் போதும், வருடத்துக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களைக் கவனியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் கடுமையாகவே சொல்கிறது. வயதான பெற்றோரின் மருந்துப் பணத்தில் கோயிலுக்குக் கொடுப்பது காணிக்கையாகாது.

ஆன்லைனில் அனுப்புகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருக்கக் கூடாது. பங்கின் பெயரிலோ மறைமாவட்டத்தின் பெயரிலோ இருக்க வேண்டும். அப்புறம், பங்குத்தந்தையின் பெயரும் படமும் போட்டு, 'அவசரம், கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்புங்கள்' என்று வரும் குறுஞ்செய்திகள் பல நாடுகளில் சுற்றுகின்றன. எந்தக் குருவும் அப்படிக் கேட்க மாட்டார். போன் போட்டு அவர் குரலில் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். உங்கள் நாட்டில் நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா என்பதையும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கான ரசீது தனி வடிவத்தில் இருக்கலாம்.

கொடுத்த பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537-ஆம் சட்டம். விசுவாசிகள் கொடுத்ததற்கு அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்பது 1287. வருடாந்தரக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இல்லையென்றால் முதலில் பங்குத்தந்தையிடம் மரியாதையாகக் கேளுங்கள், பிறகு நிதிக்குழுவிடம், அதற்கும் பதில் இல்லையென்றால் மறைமாவட்டத்தின் நிதி நிர்வாகியிடம். கோபத்தில் காணிக்கையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் முதலில் அடிபடுவது கோயிலைப் பெருக்குபவரின் சம்பளமும் ஏழைகளுக்கான உதவியும்தான். நம்பிக்கை திரும்பும் வரை வின்சென்ட் தே பவுல் சபைக்கோ மறைக்கல்விக்கோ என்று நோக்கம் எழுதிக் கொடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கணக்கு எழுதத் தெரிந்தவர் என்றால் நிதிக்குழுவில் சேர விருப்பம் என்று பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். பெரும்பாலான பங்குகளில் அதற்குத்தான் ஆள் பற்றாக்குறை.